சிவப்பு நூல் போட்ட மூலை

எங்கள் கடைக்கு வரும் லாரி டிரைவரிடம் நைனா கேட்கும் முதல் கேள்வி, "இன்னா லோடு ஏத்துன?" என்பதுதான். டீ சாப்பிட்டாயா, எங்கிருந்து வருகிறாய் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். தார்ப்பாய் கிழிந்துவிட்டது, தைத்துக் கொடு என்று வந்தவனை இப்படிப் போலீஸ்காரர் மாதிரி விசாரித்தால் அவன் முகத்தைச் சுளிக்கத்தான் செய்வான். நைனா அசர மாட்டார். பதில் வரும் வரை தார்ப்பாயைத் தொடவும் மாட்டார். வாடிக்கைக்காரரிடம் இப்படியா பேசுவது என்று நான் அம்மாவிடம் போய்ப் பொருமுவேன். அந்தக் கேள்வியின் அருமை எனக்குப் புரிவதற்கு, நான் ஒரு குடும்பத்தையே இரண்டாக்க வேண்டியிருந்தது.

என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். நான் அவருக்கு ஒரே பெண். திருவொற்றியூர் ஹை ரோட்டில் எங்களுக்குத் தார்ப்பாய் தைக்கும் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு சாக்குத் திரை. துறைமுகத்தில் சரக்கேற்றி மணலிக்கும் எண்ணூருக்கும் போகிற லாரிகள் எந்நேரமும் வாசலில் நிற்கும். பொன்னேரி தாண்டி எங்கள் சொந்த ஊரில் நைனாவின் தம்பி, என் சித்தப்பா, அதே தொழிலின் மறுபாதியை வைத்திருந்தார். லாரிக்கு இனி ஆகாது என்று கழித்துப் போட்ட தார்ப்பாய்களை நைனா வாங்கி, ஒட்டுப் போட்டு, அளவாக வெட்டி ஊருக்கு அனுப்புவார். சித்தப்பா அவற்றை வாடகைக்கு விடுவார். களத்தில் விரிக்க, புழுங்கல் நெல் காயவைக்க, கல்யாண வீட்டில் அடுப்புக்கு மேல் கட்ட, மழை வந்தால் வைக்கோல் போரை மூட என்று ஊரில் அதற்கு ஆயிரம் வேலை. "ரோட்டுல ஒயச்ச துணி, ஊர்ல போயி ரெஸ்ட் எடுக்குது" என்பார் நைனா. ரெஸ்ட்டாவது ஒன்றாவது, அங்கேயும் அதற்கு முதுகு ஒடியும் வேலைதான்.

ஆனால் எல்லாத் தார்ப்பாயும் ஊருக்குப் போகாது. டிரம் ஏற்றும் லாரிகளில் டிரம் ஒழுகும். உள்ளே என்ன கெமிக்கல் இருக்கிறது என்று டிரைவருக்கே தெரியாது; கேட்டால் "மருந்துப்பா" என்பார். அந்த மருந்து குடித்த துணியின் மேல் நாளைக்கு ஒரு வீட்டு நெல் காயும். அதனால்தான் அந்த முதல் கேள்வி. பதில் டிரம் என்று வந்தால், நைனா மற்ற வேலையெல்லாம் போட்டுவிட்டு கோணூசியில் சிவப்பு நூலைக் கோத்து, தார்ப்பாயின் ஒரு மூலையில் பெருக்கல் குறி மாதிரி ஒரு தையல் போடுவார். சிவப்பு நூல் இருந்தால் அது இரும்புக் குடோனுக்கோ கரி யார்டுக்கோதான். ஊர் எல்லையை அது மிதிக்கக் கூடாது.

இந்தப் பக்கம் நைனாவின் சிவப்பு நூல் காவல் என்றால், அந்தப் பக்கம் சித்தியின் மூக்கு. சித்தப்பாவின் மனைவி. ஊருக்குப் போய் இறங்கும் ஒவ்வொரு தார்ப்பாயையும் சித்தி ஏரித் தண்ணீரில் அலசி, வேலியில் காயப்போட்டு, நாலு மூலையையும் நடுவையும் மோந்து பார்த்த பிறகுதான் வாடகைக்கு விடுவாள். மோப்பத்தில் அவளை அடிக்க ஆளில்லை. மண்ணெண்ணெய், டீசல், உரம், கருவாடு எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். என் நெற்றியை மோந்துவிட்டு, "நாளைக்கு ஒனக்கு ஜொரம் வரும் பாரு" என்பாள். வந்துவிடும். அவள் சொன்னதால்தான் வந்தது என்று அவளோடு சண்டை போடுவேன்.

வருஷத்தில் இரண்டு முறை எங்கள் இரண்டு வீடும் ஒன்றாகும். தை அறுவடைக்கு நாங்கள் பத்து நாள் கடையைச் சாத்திவிட்டு ஊருக்குப் போவோம். ஐப்பசி மழைக்கு அவர்கள் எங்களிடம் வருவார்கள். அந்த மழை நாளில் ஊரில் தார்ப்பாய்க்கு வாடகை கிடையாது, இங்கேயோ தைத்து மாளாது. ஐப்பசியில் நல்ல மழை விழுந்த மறுநாள் காலை ஒன்பதரை வண்டியில் சித்தப்பா, சித்தி, அவர்களுடைய இரண்டு பெண்பிள்ளைகள் நாலு பேரும் திருவொற்றியூர் ஸ்டேஷனில் இறங்குவார்கள். கடிதம் கிடையாது, போன் கிடையாது. மழை பெய்தால் வருவார்கள், அவ்வளவுதான். நைனா தன் குடை ஒன்றும் கையில் இரண்டுமாகப் போய் பிளாட்பாரத்தில் நிற்பார். வீட்டுக்கு வந்து சேரும்போது எல்லாரும் தொப்பலாக நனைந்திருப்பார்கள். தம்பி முகத்தைப் பார்த்ததும் நைனாவுக்கு வாய் திறந்துகொள்ளும், கையிலிருக்கும் குடையை விரித்துக் கொடுக்க மறந்துவிடும்.

கார்த்திகை முடியும் வரை அவர்கள் எங்களோடுதான். பகலில் கடை முழுக்கத் தார்ப்பாயை விரித்து நாலு மூலைக்கு நாலு பேராக உட்கார்ந்து தைப்போம். சித்தி ஒரு முறை காசிமேட்டுக்கு என்னோடு மீன் வாங்க வந்தாள். ஒவ்வொரு மீனாக எடுத்துச் செவுளைத் திறந்து மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடையில் வைத்தாள். மீன்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மே, மீனு வாங்க வந்தியா, முத்தங் குடுக்க வந்தியா?" என்று கேட்டுவிட்டாள். சித்தி கோபப்படாமல், "இது நேத்து மீனு, இது இன்னிக்கி, இது முந்தாநேத்து. சரியா?" என்றாள். மீன்காரம்மா அடியிலிருந்து வேறு கூடையை இழுத்தாள். வீட்டுக்கு வரும் வரை நான் சிரித்துக்கொண்டே வந்தேன். இன்றைக்கும் மீன் வாங்கும்போது என் கை தானாக மீனைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோகிறது. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. சித்தி ஞாபகத்துக்குச் செய்கிறேன்.

அந்தச் சித்தியை நான் ஒரு முழம் துணிக்காகத் தொலைத்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்குப் பத்தொன்பது வயது. டைப்ரைட்டிங் ஹையர் போய்க்கொண்டிருந்தேன். மீதி நேரம் கடையில் தையல். கை நன்றாகப் பழகிவிட்டது, கூடவே திமிரும் வந்துவிட்டது. என் தையல் நெருக்கமாக, ஒரே அளவில், கடைசி முடிச்சு வெளியே தெரியாமல் இருக்கும். நைனாவின் தையலே எனக்குக் கொஞ்சம் கோணலாகப்படத் தொடங்கியிருந்த காலம். அதை அவரிடம் சொல்லவும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "தார்ப்பாய்க்கு பொட்டு வச்சி பூ வச்சி அனுப்பப் போறியா?" என்றார்.

மார்கழி பிறந்து, ஊருக்கு மூட்டை போக வேண்டிய நேரம். அந்த மூட்டையில் சேராத ஒரு தார்ப்பாய் சுவரோரம் தனியாகக் கிடந்தது. ஏறக்குறையப் புதுசு, கனத்த துணி. ஒரு மூலை மட்டும் கயிறு இழுத்து நார்நாராகக் கிழிந்து தொங்கியது. கிழிந்த அந்த மூலையில்தான் நைனாவின் சிவப்பு நூல் இருந்தது. கரி யார்டுக்குக் கொடுப்பதாகப் பேசி வைத்திருந்தார். அன்று அவர் கொருக்குப்பேட்டைக்குப் போயிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். கரி மேல் கிடக்கப் போகிற துணிக்கு மூலை எப்படி இருந்தால் என்ன? ஆனால் நல்ல துணி ஒரு மூலையால் அசிங்கமாகக் கிடப்பது என் கண்ணை உறுத்தியது. கிழிந்த மூலையை முழுசாக வெட்டி எடுத்தேன். புதுத் துணி வைத்து, இரண்டு மடிப்பு மடித்து, மெழுகு தடவிய நூலால் தைத்தேன். கயிறு கோக்க ரிங்கும் அடித்தேன். சிவப்பு நூலை மறுபடியும் போட வேண்டியது மட்டும் பாக்கி. நூல்கண்டைக் கையில் எடுத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் நின்ற ஒரு டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, மிஷின்ல அடிச்ச மாரி கீது. கையிலயா தெச்ச?" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதன்மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி போட மனசு வரவில்லை. நைனா ஒரு தடவை பார்க்கட்டும், பார்த்துவிட்டு அவரே போட்டுக்கொள்ளட்டும் என்று நூல்கண்டை பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினேன். வெட்டிய மூலையும் அந்த டப்பாவுக்குள்தான் போயிற்று. நைனா வந்தபோது நேரமாகிவிட்டது. மறுநாள் பரீட்சை என்று நான் சீக்கிரம் படுத்துவிட்டேன்.

பரீட்சை முடிந்து வந்து பார்த்தால் சுவரோரம் காலி. நைனா மூட்டை கட்டி, கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டிருந்தார். எப்போதும்போல மூலைகளைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார். கிழிந்த மூலையோடு கிடந்த ஒன்றுதான் அவர் ஞாபகத்தில் இருந்தது; கிழிசலே இல்லாத இது அவர் கண்ணுக்கு வேறு துணி. "ஏம்மா, அந்தக் கிழிஞ்சது எங்க? கரி யார்டுக்காரன் கேட்டான்" என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். யாராவது இழுத்துப் போயிருப்பார்கள் என்றாள் அம்மா. நான் வாசலுக்கு ஓடினேன்.

எதிர்த்தாற்போல எஸ்.டி.டி. பூத். ஊரில் ரைஸ் மில்லுக்குப் போன் போட்டால் சித்தப்பாவைக் கூப்பிட்டுவிடுவார்கள். பூத் வாசல் வரை போய் நின்றேன். நைனாவிடம் சொல்லாமல் போன் பண்ண முடியாது, சொன்னால் திட்டுவார். அதுவும் எதற்கு? நான் பெருமைப்பட்ட தையலுக்காக. என்னால் அதைத் தாங்க முடியாது போலிருந்தது. அப்போதுதான் சித்தியின் மூக்கு ஞாபகம் வந்தது. சித்தி மோந்தால் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாள். தனியாக எடுத்து வைத்துவிடுவாள். தைக்கு நாம் போகும்போது சிரிப்பாள். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். அன்று திட்டு வாங்கியிருந்தால் ஒரு சாயங்காலத்தோடு போயிருக்கும்.

ஊரில் குத்தகைக்குப் பயிர் வைக்கும் ஒருவர் விதை நெல் ஊற வைத்திருந்தார். ஊறிய நெல்லைத் தண்ணீர் வடித்துக் குவித்து, ஈரச் சாக்குப் போட்டு மூடினால் ஒன்றரை நாளில் முளை விடும். அந்த மார்கழி தூறல் விடாமல் இருந்ததால், சாக்குக்கு மேல் போட சித்தப்பாவிடம் ஒரு தார்ப்பாய் வாங்கிப் போனார். கனமாகப் புதுசாக இருக்கிறதே என்று அவராகவே கேட்டு வாங்கியது என் தார்ப்பாய். தூறல் அதில் ஊறியிருந்த மருந்தைக் கரைத்துக்கொண்டு சாக்கில் இறங்கி, நெல்லில் இறங்கியது. மூன்றாம் நாள் பிரித்துப் பார்த்தால் ஒரு முளை இல்லை. நெல் வழவழத்து, கை வைத்தால் தோல் அரித்ததாம். விதை போனால் அவருக்கு அந்தப் பட்டத்துப் பயிரே போயிற்று. நாற்றுவிடும் நாளில் அவர் வீட்டு வாசலில் ஊர்ப் பெண்கள் போய் உட்கார்ந்து அழுதார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அதை மட்டும் கேள்விப்படாமல் இருந்திருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

சித்தப்பா தனியாக வந்தார். தோளில் அந்தத் தார்ப்பாய். கடை வாசலில் அதைப் போட்டுவிட்டு, செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றார்.

"மோந்து பாருண்ணா" என்றார்.

நைனா குனிந்து மோந்து பார்த்தார். முகம் மாறியது. ஆனால் பத்து வருஷமாக ஒரு தப்பு நடக்கவில்லை என்ற பெருமை அவருக்கும் உண்டு. நாலு மூலையையும் புரட்டினார். புது மூலை வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இத்த நீதான தெச்ச?"

"ஆமா நைனா."

"தெக்கும்போது இதுல செவப்பு நூலு இருந்திச்சா?"

சித்தப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சாக்குத் திரைக்குப் பின்னால் அம்மா அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"இல்ல நைனா."

நைனா நிமிர்ந்தார். அவர் குரலில் ஒரு தைரியம் வந்துவிட்டது. நான் கொடுத்த தைரியம். "இங்கேர்ந்து போவும்போது சுத்தமாத்தான் போயிருக்கு. உங்கூர்ல எவனோ பூச்சிமருந்து மூட்ட மேல போட்டு மூடிட்டுத் திருப்பிக் குடுத்துகிறான். அத்த மோந்து பாத்து நிறுத்த வேண்டியது உன் பொண்டாட்டி வேல. அது இன்னா பண்ணிக்கினு இருந்திச்சு?"

"அவள இழுக்காதண்ணா."

"நான் எங்க இழுத்தேன். வேலயச் சொல்றேன்."

அதற்குப் பிறகு பேச்சு தார்ப்பாயை விட்டு எங்கெங்கோ போயிற்று. எப்போதோ தாத்தா பிரித்துக் கொடுத்த தென்னை மரங்கள் வரைக்கும் போயிற்று. சித்தப்பா தண்ணீர் கூடக் குடிக்காமல் ஸ்டேஷனுக்கு நடந்தார். என் வாயில் சொல் இருந்தது. இருந்தும் நான் நூல்கண்டை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை எழுதும்போதும் அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பிடித்து நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

பொழுது போனால் கோபம் ஆறிவிடும் என்று அம்மா சொன்னாள். ஆறவில்லை. ஊரில் யாரும் அவர்களிடம் தார்ப்பாய் எடுப்பதை விட்டுவிட்டார்கள். சித்தி மோந்து பார்க்காமல் கொடுத்துவிட்டாள், அவள் மூக்கு இருந்தும் என்ன பிரயோசனம் என்று கேலி பேசினார்களாம். தண்ணீர் எடுக்கப் போகிற இடத்தில் கூடப் பேசினார்களாம். சித்தப்பா அதே ரைஸ் மில்லில் மூட்டை தூக்கப் போனார். தையில் நாங்கள் ஊருக்குப் போகவில்லை. ஐப்பசியில் அவர்கள் வரவில்லை.

மழை மட்டும் வந்தது. ஐப்பசியில் முதல் நல்ல மழை விழுந்த மறுநாள், நைனா ஒன்பது மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, "ஸ்டேசன் பக்கம் ஒரு வேல கீது" என்று கிளம்பினார். தன் குடையை விரித்துக்கொண்டு, கையில் இன்னும் இரண்டை மடக்கி எடுத்துக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். பத்தே முக்காலுக்குத் திரும்பி வந்தார். கையிலிருந்த இரண்டும் மடக்கியபடி காய்ந்தே இருந்தன. அடுத்த வருஷமும் போனார். அதற்கடுத்த வருஷமும். ஒரு கடிதம் போடலாம், ஆள் விட்டுச் சொல்லலாம். அதற்கு அவருடைய வீம்பு இடம் கொடுக்காது. ஸ்டேஷனில் போய் நிற்பதற்கு மட்டும் கொடுத்தது. ஒவ்வொரு தடவை அவர் அந்தக் குடைகளை எடுக்கும்போதும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். திரும்பி வந்ததும் சொல்லலாம் என்று நினைப்பேன். திரும்பி வந்த முகத்தைப் பார்த்த பிறகு எந்த மகளாலும் சொல்ல முடியாது.

எனக்குக் கல்யாணம் நடந்தது. பத்திரிகை தபாலில் போயிற்று, அவர்கள் வரவில்லை. என் வீட்டுக்காரர் எர்ணாவூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார், அதனால் நான் கடையை விட்டுத் தூரமாகப் போகவில்லை. பகலெல்லாம் கடையில்தான் இருந்தேன். திறந்த லாரிகள் குறைந்து கன்டெய்னர் வண்டிகள் பெருகின. துணி போய் நீல நிறப் பிளாஸ்டிக் ஷீட் வந்தது. அதையும் தைத்தோம், தொழில் ஓடியது. எனக்குக் காய்ச்சல் வரும்போது மட்டும் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. சித்தி ஒருத்தி பக்கத்தில் இருந்தால் இந்த நெற்றியை மோந்திருப்பாளே என்று, இருபத்தாறு வயதில், கையில் குழந்தையை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அழுதேன்.

நைனா ஒரு மாசி மாதம் போய்விட்டார். தூக்கத்திலேயே போனார். கடை வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா என் தோளைத் தொட்டு, "உங்க சித்தப்பன் வந்துகிறாரு. ரோட்டுக்கு அந்தாண்ட நிக்கறாரு. போயிக் கூப்டு" என்றாள். எதிர்ப்பக்கம் நின்றிருந்த இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தலையெல்லாம் நரைத்துவிட்டது. நான் கிளம்பியதும் ரோட்டில் கன்டெய்னர்கள் வரிசையாக வரத் தொடங்கின. ஒன்று போய், இன்னொன்று போய், ரோடு காலியானபோது அங்கே அவர் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நான் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். அடியில் அந்த மூலை அப்படியே கிடந்தது. நைனாவின் கோணல் கை போட்ட சிவப்புப் பெருக்கல் குறி. இத்தனை வருஷம் அதைத் தூக்கிப் போடவும் துணியவில்லை, வெளியே எடுக்கவும் துணியவில்லை. பையில் வைத்துக்கொண்டு பொன்னேரிக்கு ரயில் ஏறினேன்.

சித்தி வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று, முட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். நான் குனிந்ததும் என் தலையைப் பிடித்து இழுத்து மோந்தாள்.

"மீனுக்கூடை பக்கத்துல ஒக்காந்துகினு வந்தியா கண்ணு?" என்றாள்.

நான் சிரிக்கப் போய் அழுதுவிட்டேன். பையிலிருந்து அந்த மூலையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். சித்தி அதைப் பார்த்தாள். சிவப்பு நூலைப் புளி ஒட்டிய விரலால் தடவினாள். பிறகு மூக்கருகே கொண்டுபோனாள்.

"இன்னும் கீது" என்றாள்.

"நான்தான் சித்தி வெட்டுனேன். நான் தெச்ச மூல அழகா இருந்திச்சின்னு மேல நூலு போடாம உட்டுட்டேன். நைனா கேட்டப்ப பொய் சொல்ட்டேன். நீ மோந்தா கண்டுபுடிச்சிடுவேன்னு நெனச்சேன்."

சித்தி ஒரு புளியங்கொட்டையைத் தனியாக எடுத்து வைத்தாள்.

"வாசன வந்திச்சி கண்ணு" என்றாள். "லேசா வந்திச்சி. மூலயத் திருப்பிப் பாத்தேன், செவப்பு இல்ல. ஒன் தையலு. நீ தெச்சி அனுப்புனது தப்பா இருக்காது, என் மூக்குதான் பயசாப் போச்சின்னு உட்டுட்டேன்."

"இத்த அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா? ஒங்க நைனா உன்னியத்தான திட்டுவாரு."

நான் அவளுடைய மூக்கை நம்பிச் சும்மா இருந்தேன், அவள் என் தையலை நம்பிச் சும்மா இருந்தாள். அதற்குப் பிறகு நான் என்னைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டேன். அவளும் என்னைக் காப்பாற்றத்தான் மூடிக்கொண்டாள். தண்ணீர் எடுக்கப் போன இடத்துப் பேச்சையெல்லாம் எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

சித்தப்பா மில்லிலிருந்து சாப்பிட வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். சித்தி சட்டென்று அந்த மூலையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, கொயந்த சும்மா பாக்க வந்துகிது" என்றாள். இப்போதும் அவள்தான் முந்திக்கொள்கிறாள். நான் அவள் முந்தானையைப் பிரித்து அதை எடுத்து, சித்தப்பாவின் கையில் கொடுத்தேன்.

"அந்தத் தார்ப்பாயில செவப்பு நூலு இருந்திச்சி சித்தப்பா. நான்தான் வெட்டிட்டு, இல்லன்னு சொன்னேன்."

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அண்ணனின் கோணல் தையல் அவருக்குத் தெரியாதா? வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"அண்ணனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது சித்தப்பா."

"அப்ப என் மேல கோவமாத்தான் போனாரு."

"கோவமெல்லாம் இல்ல" என்றேன். "ஐப்பசில மழ வந்தா மறுநாளு ஸ்டேசனுக்குப் போவாரு. வருசா வருசம் போனாரு. போன ஐப்பசிக்கும் போனாரு."

சித்தப்பா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். துணியை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார்.

"எந்த வண்டிக்கு?"

"ஒம்பதர வண்டிக்கு."

சித்தி என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டாள்.

"கொட எடுத்துகினு போவாரா?"

"எடுத்துகினு போவாரு சித்தி. ஒங்களுக்கு ரெண்டு."